பாட்டி வீடும் பத்து நாள்தான்

நம்ம டெல்லித் தமிழ்க் குடும்பங்க கூடுற இடத்துல எல்லாம் இப்ப ஒரே புலம்பல். துப்பாக்கி விளையாட்டு பசங்களைக் கெடுக்குதாம். துப்பாக்கியை விடுங்க சாமி, நாமளும் தீபாவளிக்கு ரோல் கேப் வெடிச்சவங்கதான். என் கோபம் அந்த ஆட்டத்துக்குள்ள ஓடுற காலண்டர் மேல.

'லிமிடெட் டைம் மோட்'னு பேரு. வழக்கமான ஆட்டத்துக்குப் பக்கத்துல புது விதியோட இன்னொரு ஆட்டம் வைப்பாங்க. கொஞ்ச நாள்ல தூக்கிடுவாங்க. ஃபோர்ட்நைட்ல 2017 டிசம்பர்ல 50 பேருக்கு எதிரா 50 பேர் மோதுற ஆட்டம் இப்படி வந்ததுதான். பப்ஜி மொபைல்ல 2019 பிப்ரவரியில ஜோம்பி ஆட்டம் வந்துச்சு. இப்ப பிஜிஎம்ஐ-ல ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் ஒரு தீம் வருது, அடுத்தது வந்ததும் போயிடுது.

ஆட்டம் மாறுறதுல தப்பே இல்லை. சலிப்புத் தட்டாது. ஆனா கூடவே தினம் ஒரு மிஷன் குடுத்து, முடிச்சா ஒரு சட்டை, ஒரு துப்பாக்கிப் பெயிண்ட், தேதி தாண்டினா எதுவும் கிடையாதுன்னு சொல்றாங்க பாருங்க, வில்லங்கம் அங்கதான். ஆசைக்கு ஆடிட்டிருந்த பையன், அதுக்கப்புறம் நஷ்டத்துக்குப் பயந்து ஆட ஆரம்பிக்கிறான். போதும்னு அவனுக்கு எப்படித் தோணும்?

தடைக்குப் பிறகு 2023 மே மாசம் பிஜிஎம்ஐ திரும்பி வந்தப்ப, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான்னு வரம்பு வெச்சாங்க. நல்லதுதான். ஆனா அது மணிக்கணக்கை மட்டும்தானே பார்க்குது? தேதி முடியப் போகுதுன்னா, அந்த 3 மணி நேரத்தை ஒரு நாள் விடாம தினமும் ஆடத்தான் பையன் துடிப்பான்.

கம்பெனிக்காரங்க ஒரு நியாயம் சொல்வாங்க. எல்லா ஆட்டத்தையும் திறந்தே வெச்சா ஆட்கள் பிரிஞ்சு போவாங்க, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆள் சேர நேரமாகும்னு. உண்மைதான். ஆட்டத்தை மூட அது காரணம், ஒத்துக்கறேன். பரிசுக்குத் தேதி குறிக்க அது எப்படிக் காரணம் ஆகும்? ஹெல்டைவர்ஸ் 2-ல வார்பாண்ட் வாங்கினா காலாவதியே ஆகாது. ஹாலோ இன்ஃபினிட்ல வாங்கின பேட்டில் பாஸும் அப்படித்தான். அதுவும் துப்பாக்கி ஆட்டம்தானே? ஃபோர்ட்நைட்காரங்க 2023 நவம்பர்ல பழைய வரைபடத்தை ஒரு மாசத்துக்குன்னு கொண்டு வந்தாங்க. ஒரே நாள்ல 4 கோடிக்கு மேல ஆட்கள் வந்தாங்க. 2024 டிசம்பர்ல அதே பழைய ஆட்டத்தை நிரந்தரமாவே வெச்சுட்டாங்க. ஆக, 'கொஞ்ச நாள்தான்'ங்கிறது வானத்துலேர்ந்து விழுந்த விதி இல்லை. அவங்க போடுற தேதி, அவங்களே மாத்திக்கிற தேதி.

ஊரை விட்டு வந்த நமக்கு இது கூடுதலா வலிக்கும். நம்மகிட்ட நிஜமாவே லிமிடெட் டைம் ஒண்ணு இருக்கே! லீவு கேட்டு, டிக்கெட்டுக்கு அல்லாடி, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி உக்காந்து ஊருக்குப் போனா, வருஷத்துக்குப் பத்து நாள். பாட்டிக்கு வயசாயிட்டே போகுது. அந்தப் பத்து நாள்லயும் பையன் மாடியில சிக்னல் தேடி அலையறான், மிஷன் விட்டுப் போயிடுமாம். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவசரத்தை அவன் கண்டுபிடிக்கலையே.

கம்பெனிகளைக் கேட்க வேண்டியது இதுதான்: ஆட்டத்தை மாத்துங்க, பரிசை மாத்திரம் எப்ப வேணா சம்பாதிக்கிற மாதிரி வைங்க. நாம வீட்டுல 'எவ்ளோ நேரமா ஆடறே?'ன்னு கேக்கறதோட, 'எந்தத் தேதிக்குள்ள முடிக்கணுமாம்?'னும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்தத் தேதியைக் குறிச்சது யாரு, எதுக்குன்னு பையனுக்கு உக்காந்து சொல்லுங்க. கம்பெனி நினைச்சா அந்த ஆட்டம் அடுத்த மாசமே திரும்ப வரும். பாட்டி வீட்டு நாளை எந்த அப்டேட்டும் திருப்பிக் குடுக்காது.