குணசாலியா, பராக்கிரமசாலியா?

தமிழ்க் கிறிஸ்தவத் திருமணங்களில் மணமகளுக்கென்றே எடுத்தோதப்படும் வேதப்பகுதி ஒன்றுண்டு. நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்தில் வரும் இறுதி 22 வசனங்களே அவை. இருட்டோடு எழுந்து, இராப்பகலாய் உழைத்து, இல்லத்துள் அடங்கி வாழும் மனைவிக்கு இலக்கணம் இதுவென்று போதகர்கள் விளக்குவர். இவ்விளக்கம் பிழையானது, பிழையானது மட்டுமன்று, ஒரு சாராருக்கு வசதியானதுமாகும்.

எபிரேய மூலத்தில் அப்பெண்ணுக்கு அடையாக நிற்கும் சொல் ‘ஹயில்’ என்பது. வலிமை, வீரம், செல்வம், படை என்பன அதன் பொருள்கள். இஸ்ரவேலரைத் துரத்திவந்த பார்வோனின் சேனையைக் குறிப்பதும் இச்சொல்லே. நம் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை எவ்வாறு கையாள்கிறது? கிதியோனுக்கு வருங்கால் அது ‘பராக்கிரமசாலி’ ஆகிறது. நிலவுடைமையாளனான போவாசுக்கு ‘ஆஸ்திக்காரன்’ ஆகிறது. அதே போவாஸ், வயலிற் கதிர் பொறுக்கிய ரூத்தை நோக்கி அதே சொல்லைக் கூறும்போது ‘குணசாலி’ என்று சுருங்கிவிடுகிறது! ஆணுக்கு வீரமும் சொத்தும், பெண்ணுக்குக் குணம். ஆண்களைக் குறிக்குமிடத்து வல்லமைச் சொல் மற்றொன்றும் உடன்வருகிறதே என்று சிலர் வாதிக்கக்கூடும். அதனால் பெண்ணின் வலிமை வெறும் அடக்கமாகிவிடாது.

பாட்டின் உட்பொருளையே நோக்குவோம். அவள் வயலை மதிப்பிட்டு வாங்குகிறாள், தன் வருவாயில் திராட்சைத் தோட்டம் நாட்டுகிறாள், நெய்ததை விற்கிறாள், ஞானத்தோடு பேசுகிறாள். முடிவிலே கவிஞன் வைப்பது வெறும் புகழ்ச்சியன்று, கட்டளை. அவளது உழைப்பின் பயன் அவளையே சேரவேண்டும். அவள் செய்தவை ஊர்வாசலில் அவளுக்குச் சான்று பகரவேண்டும். ஊர்வாசலாவது மூப்பர் கூடி வழக்குத் தீர்த்த மன்றம். போவாஸ் பத்து மூப்பரை இருத்திக் காணி விவகாரத்தை முடித்ததும் அங்கேதான். ஆகவே கேட்கப்படுபவை இரண்டு: கூலியும், மன்றத்தில் மதிப்பும்.

இவ்வேதத்தை ஓதும் நம் மலைநாட்டில் இவ்விரண்டின் நிலை யாது? பல்லேகல அமைந்துள்ள தும்பறைப் பள்ளத்தாக்கும் அதைச் சூழ்ந்த கண்டி மலைகளும் கோப்பித் தோட்டங்களாகியிருந்த காலத்தில், 1854இல், தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலைச் செய்கை தொடங்கியது. வேதம் வந்தது, தேயிலை வந்தது, சமகூலி வந்ததா? கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் ஆணுக்கு நிகரான நாட்கூலி 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே அவர்களுக்குக் கிட்டியது. அதன் பின்னரும், மனைவியின் சம்பளத்தைக் கணவன் கைநீட்டி வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நீடித்தது. பாட்டின் பெண் வயல் வாங்குகிறாள். இந்நாட்டின் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, அரசு வழங்கிய காணியின் வாரிசுரிமையில் மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. அது திருத்தப்பட்டது 2022இலேதான்.

பாட்டும் குறையற்றதன்று. அதன் தலைவி வேலைக்காரிகளை வைத்திருக்கும் வசதியுடையவள். அவ்வேலைக்காரிகளைப் பாடுவார் எவருமில்லை. கணவன் வாசலில் வீற்றிருக்க, அவள் விளக்கு இரவிலும் அணைவதில்லை. இத்தகைய வர்க்க வரம்புக்குள் நின்ற பழங்காலக் கவிஞனே கொடுக்கச் சொன்னதை, வேதத்தைத் தலைமேல் வைத்துப் போற்றுவோர் மறுப்பது எவ்வாறு பொருந்தும்? இதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஒரு தாய், அரசனான தன் மகனுக்கு, எளியவருக்காக வாய்திறந்து நியாயம் பேசுமாறு போதிக்கிறாள். மணமேடையில் மணமகனை நோக்கி அப்பகுதியை ஓதுவார் யார்?

பிலிமத்தலாவையில் 1963 முதல் இறையியற் கல்லூரி இயங்கிவருகிறது. சொல்லாராய்ச்சி அங்கே நடக்கட்டும். ஆனால் ஒரு சொல்லைத் திருத்துவதோடு கடமை முடிந்துவிடாது. ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பகுதியை இறுதி வசனத்திலிருந்து வாசிக்கப் பழகவேண்டும். உழைத்தவளின் சம்பளம் அவள் கைக்கே சேரவேண்டும். தொழிற்சங்கத்திலும் திருச்சபையிலும் முடிவெடுக்கும் ஆசனம் அவளுக்கும் உரியதாகவேண்டும். அதுவரை மணமேடையில் நாம் சூட்டும் ‘குணசாலி’ என்னும் பட்டம், கொடுக்காத கூலிக்கு ஈடாகக் கொடுக்கும் பொய்ப் பற்றுச்சீட்டே.