முகத்தோடு பேச்சையும் கேளுங்கள்



மேல் தாடை உள்வாங்கிய பிள்ளைகளுக்குத் தாடையை முன்னே நகர்த்தும் சத்திரசிகிச்சை பற்றி நம்ம ஊரில் இரண்டு கதைதான் கேட்கிறோம். "கலியாண வயசு வருது, முகத்தச் சரியாக்கிப் போடுங்க" என்பது ஒன்று. "அல்லாஹ் படைச்சத ஏன் மாத்துறீங்க" என்பது மற்றது. பிள்ளை எப்படிச் சாப்பிடுது, எப்படிப் பேசுது என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

இதில் நம்ம நாடே உலகத்துக்கு ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. 1980களில் லண்டனின் கிரேட் ஓர்மன்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கல் மார்ஸும் குழுவினரும் காலிக்கு வந்து உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு உள்ளவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். ஒரு சத்திரசிகிச்சையும் இல்லாமலே வளர்ந்து பெரியவர்களானோர் பலர் வந்தார்கள். 1990இல் வெளியான ஆய்வின்படி, அப்படிப்பட்டவர்களின் மேல் தாடை பெரும்பாலும் இயல்பாகவே வளர்ந்திருந்தது. அப்படியென்றால் பின்னுக்குத் தாடை வளராமல் போவதற்கு, சிறுவயதில் பிளவை மூடும்போது உண்டாகும் தழும்பும் ஒரு முக்கிய காரணம்.

அப்போ பிந்திச் செய்யலாமே? அதற்கும் காலியிலேயே பதில் கிடைத்தது. பதின்ம வயதில் அண்ணம் மூடப்பட்ட பலரின் பேச்சு திருந்தவில்லை. அதனால்தான் இன்றும் ஒரு வயதை அண்டி அண்ணத்தை மூடுகிறார்கள். தாடை பின்தங்கினால், வளர்ச்சி முடிந்த பிறகு முன்னே நகர்த்துகிறார்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல். தாடை முன்னே வரும்போது மென்மையான அண்ணமும் சேர்ந்து வரும். அது தொண்டையின் பின்சுவரை எட்டாவிட்டால் காற்று மூக்கால் போய், பேச்சு மூக்கில் ஒலிக்கும். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. அண்ணப் பிளவு இருந்தவர்களுக்கு ஆபத்து கூட.

அழகு பார்ப்பதே பிழை என்று நான் சொல்லவில்லை. யுத்தத்தில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வைத்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, தங்கத்தில் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் என்று அபூதாவூத், திர்மிதியில் இருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் தடை என்றிருந்தும் ஒரு மனிதரின் முகம் அவ்வளவு பெறுமதியாக இருந்திருக்கிறது.

ஆனால் வகுப்பில் வாசிக்க எழும்பும் பிள்ளைக்கு முகம் மட்டும் போதாது. ஆகவே பெற்றோரே, கையொப்பம் வைக்க முன் மூன்று விடயம் கேளுங்கள்: பேச்சு சிகிச்சையாளர் பிள்ளையைப் பரிசோதித்தாரா? கடியும் மெல்லுவதும் எவ்வளவு திருந்தும்? பேச்சு மாறினால் அடுத்து என்ன செய்வீர்கள்? நாலாவது கேள்வியைப் பிள்ளையிடமே கேளுங்கள்: உனக்கு எது கஷ்டமாக இருக்கிறது?