நஷ்டஈடு யார் பணம்?

குற்றமற்றவனைப் பிடித்து அடைத்த உத்தியோகஸ்தரிடமே நஷ்டஈடு வாங்க வேண்டுமென்று நாம் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். "சர்க்காரை எதிர்த்து ஜெயிக்க முடியுமா? எல்லாம் தலையெழுத்து" என்று சொல்லிச் சும்மா இருந்து விடுகிறார்கள். கைது செய்யக் கையெழுத்துப் போட்டவனும் ஒரு மனிதன்தானே! அவன் எழுத்தைத் தலையெழுத்தென்பது அவனுக்குத்தான் சௌகரியம்.

பீகாரில் நடந்ததைப் பாருங்கள். ருதுல் ஷா என்பவரை 1968 ஜூன் 3-ந் தேதி செஷன்ஸ் கோர்ட்டு குற்றவாளியல்ல என்று விடுதலை செய்தது. அவர் சிறையைவிட்டு வெளியே வந்ததோ 1982 அக்டோபர் 16-ந் தேதி! ஏனென்று கேட்டதற்கு, அவருக்குப் புத்தி சுவாதீனமில்லை என்றார்கள். அதற்குத் தக்க ஆதாரம் காட்டவில்லை. 1983-ல் சுப்ரீம் கோர்ட்டு, முன்பு கொடுத்த 5,000 ரூபாயோடு 30,000 ரூபாயும் கொடுக்கும்படி பீகார் சர்க்காருக்கு உத்தரவிட்டது. கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. அந்த ஏழு ரூபாயும் யாருடையது? வரி கொடுத்த குடியானவனுடையது, கூலிக்காரனுடையது. பதினான்கு வருஷம் கதவைத் திறக்காதவர்கள் பையிலிருந்து அந்த உத்தரவின்படி காலணாவும் போகவில்லை. தவறு செய்த அதிகாரிகள் மீது தனியே வழக்குப் போடலாமென்று அந்தத் தீர்ப்பே சொல்லுகிறது. ஆனால் வாழ்நாளைச் சிறையில் தொலைத்தவனுக்கு வழக்காடச் சக்தி ஏது?

இது ஏழைக்கு மட்டும் வந்த கதியல்ல. 1985-ல் காஷ்மீர் சட்டசபை மெம்பர் பீம்சிங் சபைக்குப் போகாதபடி வழியிலேயே பிடிக்கப்பட்டார். ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாமலே காவலுக்கு உத்தரவு வாங்கினார்கள். அதற்கு 50,000 ரூபாய், கொடுத்தது சர்க்கார். 1994-ல் பொய் வழக்கில் கைதான விண்வெளி விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் கொடுக்கச் சொல்லி 2018-ல் தீர்ப்பு வந்தது. 24 வருஷம் கழித்து! அதுவும் கேரள சர்க்கார் பணந்தான்.

இனிச் சட்டத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். காரணமில்லாமல் கைதானவனுக்கு 2023-ம் வருஷத்துக் குற்ற விசாரணைச் சட்டம் விதித்திருக்கும் ஈடு அதிகபட்சம் ஆயிரம் ரூபாய். அதையும் கைது செய்யத் தூண்டியவன்தான் கொடுக்க வேண்டும், போலீசாரல்ல. சிவில் கோர்ட்டுக்குப் போவதானால் சாதாரணமாக இரண்டு மாத நோட்டீசு கொடுக்க வேண்டும். வெளியே வந்த ஒரு வருஷத்துக்குள் வழக்கும் போட்டாக வேண்டும். வருஷக்கணக்கில் அடைத்து வைத்தவனுக்குக் கெடு இல்லை, அடைபட்டவனுக்குத்தான் கெடு! போதாக்குறைக்கு, சட்டவிரோதமாகக் கைதானவனுக்கு ஈடு கேட்கும் உரிமை நமது சட்டத்தில் இல்லையென்று 1979-ல் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் சேரும்போதே இந்திய சர்க்கார் எழுதிக் கொடுத்திருக்கிறது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

"உத்தியோகஸ்தர் பையில் கைவைத்தால் பயந்து வேலை செய்யமாட்டார்கள்" என்கிறார்கள் சிலர். பஸ் கண்டக்டரின் வசூலில் பணம் குறைந்தால் அவர் கையிலிருந்து கட்டுகிறார். அதனால் பஸ் ஓடாமல் நின்றுவிட்டதா? பத்து ரூபாய்க்குப் பொறுப்பு உண்டு, பத்து வருஷத்து மனித வாழ்வுக்குப் பொறுப்பில்லை என்பது எந்த ஊர் நியாயம்? நல்லெண்ணத்தோடு செய்த தவறுக்குத் தண்டம் போடும்படி நாம் சொல்லவில்லை. தெரிந்தே பொய் வழக்குப் போட்டவன், விடுதலை உத்தரவைக் கட்டிவைத்து உறங்கினவன், ஆளைப் பார்க்காமல் காவல் உத்தரவு எழுதினவன் ஆகியோரையே சொல்லுகிறோம்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். பாதிக்கப்பட்டவனுக்குச் சர்க்கார் உடனே ஈடு கொடுக்கட்டும். பிறகு விசாரித்து, குற்றஞ் செய்த உத்தியோகஸ்தரின் சம்பளத்திலும் பென்ஷனிலும் அதைப் பிடித்து வசூலிக்கட்டும். அதற்கு ஒரு சட்டம் வரட்டும். அடைபட்டவனே தன்னை அடைத்தவனுக்காக வரியிலிருந்து அபராதங் கட்டுகிற அக்கிரமம் அன்றைக்குத்தான் ஒழியும்.