காய்ச்சல் தணிந்த நாளும் படகேறும் நாளும் ஒன்றல்ல

நோயினால் பயிற்சியை நிறுத்திய துடுப்புப் படகு வீரர் எந்நாளில் மீண்டும் படகேறலாம்? அந்தமான் நிக்கோபார் தீவுகளில் இக்கேள்வி வேறெங்கையும்விடக் கூர்மையானது. இதற்கு விடை காணும் பொறுப்பைப் பதினாறு வயதுப் பிள்ளையின் மனத்துணிவிடம் விட்டுவிடலாகாது என்பதே இப்பதிவின் கருத்து.

முதலில் இத்தீவுகளின் நோய் வரலாறு. 1980களின் இறுதியில் வடக்கு அந்தமானின் திக்லிப்பூர்ப் பகுதியில், பெருமழைக்குப் பின் ஆண்டுதோறும் ஒரு காய்ச்சல் பரவிற்று. நுரையீரலில் இரத்தம் கசிந்து சிலர் மாண்டனர். காரணம் புலப்படாமையால் அதனை ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அழைத்தனர். 1993இல்தான் அது எலிக்காய்ச்சல் எனத் தெளிவாயிற்று. போர்ட் பிளேரிலுள்ள (இன்று ஸ்ரீ விஜயபுரம்) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வட்டார மையத்தார் வடக்கு அந்தமானில் நடத்தி, 2000இல் வெளியிட்ட ஆய்வொன்று நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. வாரந்தோறும் டாக்சிசைக்ளின் உட்கொண்டோரிடம் நோயின் வெளிப்பாடு குறைந்தது, தொற்று குறையவில்லை. அறிகுறி இல்லாமையும் நோய் இல்லாமையும் வெவ்வேறு என்பதற்கு இத்தீவுகளிலேயே கிடைத்த சான்று இது.

எலிக்காய்ச்சல் கிருமி கடல்நீரில் நெடுநாள் வாழாது. தேங்கிய நன்னீரும் சேறும் வயல்வரப்பும் அதன் உறைவிடங்கள். ஆகவே படகுத்துறையை மட்டும் காத்தால் போதாது. விடுமுறைக்கு ஊர் சென்று வயலில் இறங்கிய பிள்ளையும் அதைப் பெறக்கூடும். சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் அந்நோய், சிலரிடம் இதயத் தசையையும் அழற்சிக்கு உள்ளாக்குகிறது. டெங்குவிலும் அத்தகைய பாதிப்பு நேர்வதுண்டு. இதயத் தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை போட்டி விளையாட்டைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டல். வெப்பமானியில் காய்ச்சல் காணப்படாததை மட்டும் வைத்து இதை அறிய இயலாது.

நோய் எளியதாயினும் படுக்கை தன் விலையை வாங்கிவிடுகிறது. 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நலமுள்ள ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். அவர்களது உச்ச ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரை மீண்டும் சோதித்தபோது, அம்மூன்று வாரப் படுக்கை விளைத்த இழப்பு முப்பது ஆண்டு முதுமை விளைத்த இழப்பைவிடப் பெரிதெனத் தெரிந்தது. இழந்ததைப் பயிற்சியால் மீட்க முடியும் என்பதும் அதே ஆய்வின் முடிவே. ஆனால் மீட்சிக்குக் காலம் வேண்டும்.

துடுப்புப் படகோட்டத்தில் இச்செய்திக்குத் தனி அழுத்தம் உண்டு. 2,000 மீட்டர்ப் பந்தயம் ஏறத்தாழ ஆறு முதல் எட்டு நிமிடங்களுக்குக் காலையும் முதுகையும் தோளையும் ஒருசேர வருத்துவது. திரும்பி வருபவரின் மனம் பழைய வேகத்தையே நினைவில் வைத்திருக்கிறது. உடலோ அதை இழந்து நிற்கிறது. சுமையைத் திடீரென ஏற்றினால் விலா எலும்பில் நுண்முறிவு ஏற்படுவது இவ்விளையாட்டில் நன்கறியப்பட்ட காயம். நால்வர் செல்லும் படகில் ஒருவர் இல்லையெனில் மற்ற மூவரின் பயிற்சியும் தடைப்படும். அக்குற்ற உணர்வே பலரை முன்கூட்டிப் படகேற்றும்.

“மனவுறுதி இருந்தால் போதும், ரெட்கிரேவைப் பாருங்கள்” என்பர். பார்ப்போம். பெருங்குடல் அழற்சியும், 1997இல் கண்டறியப்பட்ட நீரிழிவும் இருந்தும் பிரிட்டனின் ஸ்டீவ் ரெட்கிரேவ் 2000ஆம் ஆண்டு சிட்னியில் தம் ஐந்தாவது ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அவருக்கு மனவுறுதியோடு, உணவையும் இன்சுலினையும் பயிற்சிக்கேற்ப வகுத்துத்தந்த மருத்துவர்களும் இருந்தனர். 1984இலும் 1988இலும் அவருடன் ஒரே படகில் தங்கம் வென்ற ஆண்டி ஹோம்ஸ் 2010இல், தம் 51ஆம் வயதில் மறைந்தார். அவரைக் கொன்றது எலிக்காய்ச்சலின் கடுமையான வடிவம். இருவரும் ஒரே படகில் அமர்ந்தவர்கள். உறுதியில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்களல்லர்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று.

முதலாவது, படிநிலை மீள்வருகை எழுத்தில் இருக்க வேண்டும். கொரோனாக் காலத்தில், 2020இல், விளையாட்டு மருத்துவர்கள் அத்தகைய நெறியை வகுத்தனர்: முதலில் ஓய்வு, அறிகுறியற்ற சில நாள்கள், பின்னர் நடை, இலகுவான பயிற்சி, படிப்படியாக நேரக் கூட்டல், இறுதியில் வேகம். படகு வீரருக்கு இதை, நடைக்குப் பின் எர்கோமீட்டரில் மெதுவான இழுப்பு, அதன்பின் நீரில் குறுந்தொலைவு, கடைசியாகப் பந்தய வேகம் என அமைக்கலாம். காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட உயர்ந்திருந்தால் அடுத்த படிக்குச் செல்லக் கூடாது.

இரண்டாவது, இரத்தச் சோதனையும் தேவைப்படின் இதயச் சோதனையும் முடிந்து மருத்துவர் ஒப்புதல் தந்த பின்னரே வேகப் பயிற்சி.

மூன்றாவது, இதுவே முதன்மையானது: நோயுற்றவரின் இடம் காக்கப்பட வேண்டும். கேம்பல் விரிகுடாவிலிருந்து தலைநகருக்கு வந்து பயிலும் பிள்ளைக்கு வீடு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால். ஊருக்கு அனுப்பினால் விடுதி இடமும் அணியிடமும் பறிபோகும் என்று அஞ்சும் பிள்ளை காய்ச்சலை மறைக்கும். மறைக்கப்பட்ட காய்ச்சலுக்கு எந்த நெறியும் உதவாது.

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு தாள், ஒரு நாடிப் பதிவேடு, இடம் பறிபோகாது என்ற எழுத்துறுதி ஆகியவை போதும். தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் இத்தீவுகளைத் தொடுகிறது. அதற்கு முன்பே அத்தாள் ஒவ்வொரு பயிற்சித் துறையின் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். இதைப் படிக்கும் பயிற்சியாளர்களும் பெற்றோரும் அதைக் கேட்டுப் பெறுவார்களாக.