கேமராவுக்கு விசில் அடிக்கத் தெரியுமா?

கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில் 2019 ஆகஸ்ட் 11-ஆம் தேதி ராத்திரி நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகமூடி போட்ட ஒருத்தன் பூனை மாதிரிப் பின்னால் வந்து கழுத்தில் துணியைப் போட்டு இறுக்குகிறான். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மாள் ஓடி வருகிறார். முதலில் செருப்பு பறக்கிறது. அப்புறம் பிளாஸ்டிக் நாற்காலி. அரிவாளோடு இன்னொருத்தனும் சேர்ந்துகொள்ள, பெரியவர் திமிறி எழுந்து கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து வீச, கடைசியில் அரிவாள் பின்வாங்கி ஓடுகிறது, நாற்காலி ஜெயிக்கிறது.

அமிதாப் பச்சன் வரை பாராட்டினார். நாலாம் நாள் சுதந்திர தினத்தன்று, சென்னைக் கோட்டையில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கையால் வீரச் செயலுக்கு விருது. (அப்போது கடையம் நெல்லை மாவட்டம். அதே வருஷம் நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகி, எங்கள் வீரத் தம்பதியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.) திருடர்கள் அம்மாளின் கழுத்துச் சங்கிலியோடுதான் ஓடினார்கள் என்பது மட்டும் பாராட்டியவர்களில் பாதிப் பேருக்கு ஞாபகமில்லை.

இதை இப்போது எதற்குக் கிளறுகிறேன் என்றால், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு எட்டு கேமரா போடுவதாகப் பேச்சு வந்தது. வீடு நாற்பத்திரண்டு. வாட்ஸ்அப் குழு ஒன்று. ஆளுக்கு இரண்டு கருத்து. கேமரா வேண்டும் என்றவர்கள் கல்யாணிபுரம் வீடியோவைக் குழுவில் போட்டார்கள். வேண்டாம் என்றவர்களும் அதே வீடியோவைத்தான் போட்டார்கள்.

கேமராவோடு நின்றிருந்தால் பரவாயில்லை. "கேமரா வந்துட்டா கூர்க்கா எதுக்கு வே? வீட்டுக்கு நூறு ரூபா. மாசம் 4,200 மிச்சம்லா!" என்று கணக்குப் போட்டார் வங்கியில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி. கூர்க்காவுக்கு நிஜத்தில் 2,000 தேறினால் அது நல்ல மாசம். மாசம் பிறந்தால் 'அப்புறம் வா' என்று சொல்லும் வீடுகளில் முதல் வீடு யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை.

பதினெட்டு வருஷமாக ராத்திரி பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் தெருவைச் சுற்றுகிறவர். தரையில் தடியைத் தட்டி ஒரு விசில். "அது ஒரு வேலையா? விசிலைக் கேட்டா திருடன் உஷாராயிருவாம்லா!" என்றார் அண்ணாச்சி. எது வேலை என்பதில் எங்கள் தெருவில் ஒருமித்த கருத்து எப்போதும் இருந்ததில்லை. மாடி வீட்டுப் பையன் அமெரிக்கக் கம்பெனிக்காக ராத்திரி பூராவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் ஆச்சி, "பனியனோட உக்காந்து இங்கிலீசுல பேசிக்கிட்டே இருக்கான், கேட்டா வேலைங்கான்" என்று இன்னமும் சந்தேகத்தோடுதான் சொல்கிறாள்.

திருடன் உஷாராக வேண்டும் என்பதற்காகத்தான் விசிலே. திருடனைப் பிடிப்பது கூர்க்காவின் உத்தியோகம் அல்ல. 'இந்தத் தெரு வேண்டாம்' என்று அவனை நினைக்க வைப்பது. கேமராவின் உத்தியோகம் வேறு. எல்லாம் முடிந்த பிறகு, யார் வந்தான், எந்த வண்டி, எந்தப் பக்கம் போனான் என்று காட்டும். அதையும் குறைத்துச் சொல்லவில்லை. 2017-க்குப் பிறகு சென்னைப் போலீஸ் 'மூன்றாவது கண்' என்று தெருத்தெருவாக மாட்டச் சொன்னதும் இதற்குத்தான். ஆனால் கல்யாணிபுரத்தில் அன்றைக்குக் கேமரா இருந்தது, கண் கொட்டாமல் பார்த்தது, பதிவு செய்தது. பெரியவர் கழுத்தில் துணி இறுகியபோது ஓடி வந்தது அம்மாள். இத்தனை வயசுக்கும் அவருடைய காது நன்றாக இருந்தது.

"இப்ப வர்ற கேமராவில சைரனே இருக்கு மாமா" என்றான் மாடி வீட்டுப் பையன். இருக்கலாம். நாலு நாள் பூனைக்கும் முருங்கைக் கிளைக்கும் அலறினால் ஐந்தாம் நாள் அதை அணைக்கப் போகிற முதல் ஆள் அவன்தான்.

நம்ம சீமைக்குக் காவல் புதுசா என்ன? பாளையக்காரர் காலத்தில் ஊருக்கு ஊர் தலக்காவல். அதற்கு மேலே தேசகாவல். காவல்காரனுக்கு விளைச்சலில் பங்கு. களவு போனால் அவன் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும்; முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இப்படி ஒரு வரியை எந்தக் கேமரா கம்பெனியாவது வாரண்டி அட்டையில் அச்சடிக்குமா? கோளாறும் இல்லாமல் இல்லை. காவல் கூலி கொடுக்காத வீட்டில் பார்த்துக் களவு போகும். காணாமல் போன மாடு 'துப்புக்கூலி' கொடுத்ததும் தானாகவே நடந்து தொழுவத்துக்கு வந்துவிடும். 1799-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-ல் பாளையங்களை ஒடுக்கிய கும்பெனியார், தேசகாவல் உரிமையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள். கூலி வாங்கிக்கொண்டு ஈடு கட்டும் காவல் அத்தோடு மெல்ல மெல்லப் போயிற்று.

இப்போது சட்டம் இருக்கிறது. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005-ல் மத்திய அரசு போட்டது. அதன்படி காவலாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், 65 ஆகியிருக்கக் கூடாது. கல்யாணிபுரம் தம்பதிக்கு விருது கொடுக்கலாம். வேலை கொடுக்க முடியாது. எங்கள் கூர்க்காவோ எந்த நிறுவனத்திலும் இல்லை. 1950-ல் இந்தியாவும் நேபாளமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி இங்கே வந்து பிழைக்க அவருக்குத் தடையில்லை. அதற்கு மேல் எந்த ஏட்டிலும் அவர் கிடையாது. பி.எஃப். இல்லை, லீவு இல்லை. வேலையை விட்டு நிறுத்த ஒரு நோட்டீஸ்கூட வேண்டாம். 'நாளைலேர்ந்து வராண்டாம்' என்ற இரண்டே வார்த்தை போதும்.

கேமராவுக்கும் விதி வந்துவிட்டது. பாதுகாப்புச் சோதனையில் தேறியதைத்தான் விற்க வேண்டும் என்பது 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறை. அந்த வருஷம்தான் ராஜ்கோட்டில் ஒரு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் வெளியே கசிந்து பெரிய வழக்கானது. போலீஸ் துருவிப் பார்த்தால் பாஸ்வேர்டு 'அட்மின்123'. பூட்டை வாங்கி மாட்டிவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை. எங்கள் தெருவில் பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்பதைக் குழுவிலேயே கருத்துக் கேட்டார்கள் என்பதை இங்கே வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அந்தக் குழுவில் ஒரு நாள் ராத்திரி ஒருவர் எழுதினார்: "களவாணிக்குத் துப்புக் கொடுக்கதே இந்தக் கூர்க்காதானோ என்னமோ!" எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஆதாரம் என்ன என்று கேட்டேன். "என் கருத்தைச் சொல்லுதேன். கருத்துச் சுதந்திரம் இருக்குல்லா?" என்று பதில். எதிர்வீட்டுச் சட்டக் கல்லூரிப் பெண் பொறுமையாக விளக்கினாள். இணையத்தில் எழுதுவதற்காகப் பிடித்து உள்ளே போட்ட 66ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2015-ல் ரத்து செய்தது வாஸ்தவம். ஆனால் அவதூறு இன்னும் குற்றம்தான், 2024-ல் வந்த நியாயச் சட்டத்திலும் இருக்கிறது. இதைக் கேட்டதும் குழுவின் அட்மினுக்குத்தான் முதலில் வியர்த்தது. வெறும் அட்மினாக இருப்பதற்காக அடுத்தவர் பதிவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளை சொல்லியிருப்பதாக அவள் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் எதற்கு வம்பு என்று, அட்மின் மட்டுமே எழுதலாம் என மாற்றிவிட்டார். இப்போது தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூ வருகிறது.

சம்பந்தப்பட்டவர் அந்தக் குழுவிலேயே இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். தமிழ் பேசுவார், படிக்க வராது. விசாரணை முழுக்க அவரைப் பற்றி. சம்மன் மட்டும் அவருக்குப் போகவில்லை. இத்தனை நடந்த அன்றும் பன்னிரண்டு மணிக்கு அந்த எட்டுப் பேர் வீட்டு வாசலிலும் தடியைத் தட்டிவிட்டுத்தான் போனார்.

கேமரா வந்துவிட்டது. ஓட்டெடுப்பில் முப்பத்தொரு வீடு ஆதரவு. நானும் பணம் கட்டினேன். கூர்க்காவுக்குத் தொடர்ந்து கொடுக்கிறோம் என்று பத்தொன்பது வீடு கையெழுத்துப் போட்டது. மற்ற வீடுகளைத் தாண்டும்போது விசிலை நிறுத்த முடியாதே, அவர்களுக்கு அது இலவசம்.

பதிவுப் பெட்டியை வைத்திருப்பது வங்கி அண்ணாச்சி வீட்டு முன்னறையில். அண்ணாச்சி போன வாரம் மகனைப் பார்க்க ஆறு மாசத்துக்கு டல்லஸ் கிளம்பினார். கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி அவர் வாசலில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். கூர்க்காவை நிறுத்திவைத்து, ஆறு மாசத்துக்கும் சேர்த்து அறுநூறு ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வீட்டைக் கொஞ்சம் பாத்துக்கிடுப்பா. அந்தப் பெட்டி பத்திரம், என்ன?"

பிறகு மேல்சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கணக்கு எழுதி வைக்க வேண்டுமே.

"ஆமா, உம் பேரு என்ன?" என்று கேட்டார்.