‘விதி’ என்பது யாருக்கு வசதி?

அங்கவீனமுற்ற குழந்தையொன்று சோற்றுக் கவளம் தொண்டையில் அடைத்து மாண்டால், லயத்தார் ‘விதி’ என்பர்; தோட்ட நிர்வாகமும் அதையே சொல்லும். பெற்றவள் சொன்னால் அது ஆறுதல். நிர்வாகம் சொன்னால் அது பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் தந்திரம்.

அட்டனிலும் நுவரெலியாவிலும் இத்தகைய குழந்தைகளின் பராமரிப்பு நிலையம் எது? பெரும்பாலும் புகை மண்டிய லயக் காம்பராதான். தாய் விடிந்ததும் கொழுந்து மலைக்குப் போகிறாள்; காவல் இருப்பவள் அப்பாயி. மூளைவாதத்தால் கழுத்து நில்லாத பேரனைப் படுக்கவைத்தே ஊட்டுகிறாள். விழுங்கும் தசைகள் ஒத்துழையாத பிள்ளைக்கு அதுவே ஆபத்து. நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சற்று முன்சாய, சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? சொல்லாதவர்கள் அவளைப் பழிக்கலாமா?

‘ஆம்புலன்ஸ் இருக்கிறதே’ என்பர் சிலர். 2016 இல் இந்திய உதவியுடன் தொடங்கிய 1990 சேவை பின்னர் நாடெங்கும் விரிந்தது. 2017 இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய ஆஸ்பத்திரியும் திறக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். தோட்டப் பாதையில் வண்டி ஏறிவர அந்நேரம் போதுமா? 1990 ஐ உடனே அழைக்கத்தான் வேண்டும். அது வரும்வரை வேலை செய்ய வேண்டியவை லயத்திலுள்ள கைகளே.

அந்தக் கைகளுக்குத் தெரிய வேண்டியது அதிகமில்லை. பிள்ளை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமவும் அழவும் முடியாவிட்டால், முன்சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பலிக்காவிட்டால் பின்னின்று அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி, மேல்நோக்கி ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு வயிற்றையன்று, நெஞ்சையே அழுத்த வேண்டும். தண்ணீர் புகட்டலாகாது, வாய்க்குள் விரல்விட்டுத் துழாவலாகாது. நினைவிழந்தால் நெஞ்சின் நடுவே அழுத்தும் உயிர்ப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். வலிப்பென்றால் ஒருக்களித்துப் படுக்கவைப்பதே முறை. கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் நம் வழக்கம் பொன்னான நிமிடங்களைத் தின்கிறது. இதில் நம்மவர் அறியாமையையும் மறைப்பதற்கில்லை.

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கு நிர்வாகத்தைப் பொறுப்பாக்கிய சட்டம் 1912 இலேயே வந்தது. அங்கவீனமுற்றோர் உரிமைச் சட்டம் 1996 இல் வந்தது. இரண்டையும் லயத்து வாசலுக்கு அழைத்துவர இன்னும் எத்தனை ஆண்டு?

ஆசிரியர்களே, மாணவர்களே, முதலில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைக் காம்பராவிலும் லயத்து முற்றத்திலும் செய்து காட்டுங்கள். தொழிற்சங்கங்கள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு: இப்பயிற்சி வேலை நேரத்தில் நடக்க வேண்டும்; அதற்கு வரும் தாய்க்கு அன்று அரைப் பேர் போடக் கூடாது.