சிவப்பு விளக்கு எரிந்தபோது

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகைக் காரியாலயம் ஒன்றில், மாடிப்படியின் கீழே நான்கு வன்தட்டுகள் கொண்ட பெட்டியொன்று இருந்தது. ஒரு தட்டுப் பழுதானாலும் ஒன்றும் போகாது என்று சொல்லித்தான் அதனை வாங்கினார்கள். 2011 சனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்கள் மூழ்கியபோது நாம் எடுத்த படங்கள் யாவும் அதற்குள்ளேயே இருந்தன.

ஒருநாள் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. தொல்லை தாங்காமல் எவரோ சத்தத்தை நிறுத்திவிட்டார். சிவப்பு விளக்கு மாதக்கணக்கில் எரிந்தது. நானும் அதனைத் தாண்டித்தான் தினமும் தேநீர் குடிக்கப் போனேன். இரண்டாவது தட்டும் நின்ற அன்று படங்கள் போயின.

'றெயிட்' எனப்படும் இவ்வேற்பாட்டை 1988இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக்கட்டுரையில் விளக்கினர். கலைப்பட்டதாரியான எனக்கு விளங்கியபடி சொல்வதாயின், மூன்று எண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் வெவ்வேறு தட்டுகளில் எழுதிவைப்பது போன்றது அது. ஒன்று அழிந்தால் மற்றவற்றைக் கொண்டு கணித்துவிடலாம். இரண்டு அழிந்தால் முடியாது. இரண்டு இழப்பைத் தாங்கும் வகையும் உண்டு. அதற்கு இன்னுமொரு தட்டின் இடம் செலவாகும். புதுத் தட்டைப் பொருத்தியதும் எஞ்சிய தட்டுகள் முழுவதையும் வாசித்தே இழந்ததை மீட்கவேண்டும். ஒரே நாளில் வாங்கி ஒன்றாகவே முதுமையடைந்த தட்டுகள் அந்தப் பளுவில்தான் விழுவதுண்டு.

இத்தனையும் தட்டுப் பழுதுக்கு மட்டுமே காப்பு. தவறுதலாக ஒருவர் அழித்தால் எல்லாத் தட்டுகளிலும் ஒருசேர அழியும். வெள்ளமும் தீயும் பெட்டியை முழுதாகவே கொண்டுபோகும். 2025 செப்டெம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையம் தீப்பற்றியபோது, அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளியிடப் பிரதியின்றி அழிந்தன. அத்தனை பெரிய நாட்டுக்கே அந்த நிலை! 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை எரியக்கொடுத்த நமக்கு, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் விலையை வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 ஆழிப்பேரலை கல்லடியில் எத்தனை வீட்டு அல்பங்களைக் கொண்டுபோயிற்று!

ஆகவே பெட்டி வேண்டாம் என்பதல்ல என் வாதம். அதனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும், ஊருக்கு வெளியே இன்னொரு பிரதியும் இல்லாத பெட்டியைக் காப்பகம் என்று அழைக்கலாகாது என்கிறேன். என்னிடம் எஞ்சிய படங்களின் பிரதியொன்று இப்போது பதுளையில் தங்கை வீட்டில் இருக்கிறது.

சென்ற மாதம் நண்பரொருவர், தம் சங்கத்தின் பழைய மலர்களைச் சேமிக்க அத்தகைய பெட்டி வாங்கப்போவதாகச் சொன்னார். இரண்டாவது பிரதியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"அதே அலுமாரியிலதான், மேல்தட்டில" என்றார்.